லூப் லைனில் நின்ற இஞ்சின்

ஆர்.கே.பேட்டையில் ரயில் கிடையாது. வண்டிச் சக்கரமும் ஏர்க்கலப்பையும் செய்து பழகிய ராஜவேலு, கும்மிடிப்பூண்டி பவுண்டரி ஒன்றில் மரவேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தபோதுதான் ஓர் இஞ்சினைக் கைக்கெட்டும் தூரத்தில் முதன்முதலாகப் பார்த்தான். மற்றவர்களாக இருந்தால் புகையைப் பார்த்திருப்பார்கள், இல்லை சத்தத்துக்குக் காதைப் பொத்தியிருப்பார்கள். அவன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். இதை எப்படிச் செய்திருப்பான் என்பதுதான் எதைப் பார்த்தாலும் அவனுக்கு முதலில் தோன்றும்.

பவுண்டரியில் அவனுக்கு பேட்டர்ன் வேலை. இரும்பில் வார்க்க வேண்டிய சாமானை முதலில் மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். அதை மண்ணில் பதித்து எடுத்தால் விழும் குழியில்தான் காய்ச்சின இரும்பை ஊற்றுவார்கள். யாரும் அவனை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய பேட்டர்ன்களைப் பிரித்துப் பார்த்தும், வார்ப்பு கெட்டுப்போனால் மண் அச்சு எடுக்கும் மோல்டர்கள் திட்டுகிற திட்டைக் கவனமாகக் கேட்டும் தானாகவே தேறினான். இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் மரத்தை ஒரு நூல் பெரிதாகச் செய்யக் கற்றான். உருண்டைச் சாமான் எதுவானாலும் நடுவில் பிளந்த மாதிரி இரண்டு பாதியாகச் செய்து முளை வைத்துச் சேர்க்கக் கற்றான். ஒரு பாதி சரியாக வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மறுபாதி என்பது அதையே திருப்பிப் போட்டதுதான்.

கோவிந்தம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு அவன் குடியேறிய வீடு ஸ்டேஷனுக்குத் தெற்கே, லைனுக்குக் கிழக்குப் பக்கம் இருந்தது. புழக்கடை முள்வேலிக்கு அந்தாண்டை, வண்டிகள் ஒதுங்கி நிற்கிற லூப் லைன். அந்த வீட்டு முன்னறையில் 1971-இல் அவன் ஒரு ரயில் பாதை போட ஆரம்பித்தான். இயந்திரம் வந்திறங்கிய பேக்கிங் பலகைகளை இடுப்பு உயரத்தில் சுவரோரமாகச் சுற்றி வளைத்து அடித்தான். அந்தப் பெட்டிகளைக் கட்டியிருந்த இரும்புப் பட்டையை நிமிர்த்தி நிறுத்தித் தண்டவாளமாக்கினான். அடிக்குக் கால் அங்குலம் என்று கணக்கு வைத்து, ஸ்டேஷன், தண்ணீர்த் தொட்டி, சிக்னல் எல்லாம் அதே அளவில் எழும்பின. பாய் விரிக்க இடம் பலகைக்கு அடியில்தான் மிஞ்சியது.

"எல்லார் ஊட்லயும் கொயந்த தொட்டில்ல வளரும். எம் பொண்ணு தண்டவாளத்துக்கு அடியில வளருது" என்பாள் கோவிந்தம்மா, மகள் ரத்னா பிறந்த பிறகு. சொல்லிவிட்டு, தையல் மிச்சத்துப் பச்சைத் துணியை வெட்டி ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கொடி செய்து ஒட்டியதும் அவள்தான்.

பாதை தயார். எந்த இஞ்சினைச் செய்வது என்பதில்தான் மாதக்கணக்காக இழுத்தது. பவுண்டரியில் டீ நேரத்தில் இதே பேச்சு. மோல்டர் குப்புராஜ் கூட்டாளி என்கிற உரிமையில் தினம் ஒரு தீர்ப்பு சொல்வான்.

"மெயிலு இஞ்சின செய்யி மேஸ்திரி. கூர் மூக்கு வச்சிக்கினு, மூக்குல நட்சத்திரம் வச்சிக்கினு, இன்னா கம்பீரமா வருது! செஞ்சா அத்த செய்யணும்."

ராஜவேலுவுக்கும் ஆசைதான். ஆனால் மெயில் கும்மிடிப்பூண்டியை ஓர் ஊராகவே மதிப்பதில்லை. வேலியோரம் நின்றால் முகத்தில் புழுதியை அடித்துவிட்டுப் போய்விடும். எத்தனை முறை பார்த்தும் அவன் கையில் மிஞ்சியது ஒரு மூக்கும் ஒரு நட்சத்திரமும்தான். மூக்கை வைத்துக்கொண்டு முழு ஆளைச் செய்ய முடியுமா?

பாசஞ்சர் நிற்கும். ஆனால் பிளாட்பாரம் முழுக்க ஜனம், கூடை, மீன் தண்ணீர். ஒரு நாள் அளவெடுக்கக் குச்சியோடு இஞ்சின் பக்கம் போனவனை போர்ட்டர் மறித்து, "இன்னாபா, கயட்டிக்கினு போற ஐடியாவா?" என்று சத்தம் போட்டதில் நாலு பேர் சிரித்தார்கள். அப்புறம் அந்தப் பக்கம் அவன் போகவில்லை.

மிஞ்சியது கூட்ஸ். தெற்கே மெட்ராஸ் பக்கம் போகும் கூட்ஸ் வண்டி மெயிலுக்கு வழிவிட்டு லூப் லைனில் கிடக்கும். அதன் இஞ்சின் சரியாக ராஜவேலு வீட்டுப் புழக்கடைக்கு எதிரில் வந்து நிற்கும். சில நாள் குழம்பு கொதித்து இறக்குகிற வரைக்கும், சில நாள் ஒரு தூக்கம் போட்டு எழுகிற வரைக்கும். கறுத்து, புழுதி படிந்து, அழகுக்கென்று ஒன்றும் இல்லாத பெரிய உருவம். ஆனால் அளக்க விட்டது. ராஜவேலு வேலியைத் தாண்டிப் போய், மூங்கில் குச்சியில் கத்தியால் வெட்டி வெட்டி அளவெடுத்தான். டிரைவர்களுக்கும் பழகிவிட்டது. ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "இன்னா மேஸ்திரி, இன்னிக்கி எத்த அளக்கப் போற? எங்க வயித்தயும் ஒரு தபா அளந்துடு" என்பார்கள்.

அழகானதைச் செய்வதைவிட அளந்ததைச் செய்வது மேல் என்று அவன் முடிவு செய்தான். தேக்குத் துண்டைக் கடைந்து பாய்லர் ஆக்கினான். சக்கரங்களைக் குப்புராஜ் பித்தளையில் வார்த்துக் கொடுத்தான். "ஆறினா சுருங்கும்னு பாய்லரயும் பெருசா கிருசா செஞ்சிடாத. மரம் சுருங்காது, உம் மூஞ்சிதான் சுருங்கும்" என்று கேலியும் செய்தான். மூர் மார்க்கெட்டில் தேடிப் பிடித்த ஒரு சின்ன மோட்டாரை உள்ளே பொருத்தினான். ஒரு லாரி பேட்டரியின் தயவில் இஞ்சின் ஓடியது. கண்ணுக்கு ரொம்பச் சின்னதாகத் தெரிகிற ஆணித் தலைகூட விடாமல் வந்திருந்தது. கம்பி, குழாய், ஏணி எல்லாம் இருந்தன. பவுண்டரி ஆட்கள் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் சந்தோஷம் சூடு ஆறுவதற்குள் மச்சான் ஆதிகேசவனுக்கு விபத்து.

கோவிந்தம்மாவின் அண்ணன் அவர். பெரம்பூரில் குடியிருந்துகொண்டு கூட்ஸ் வண்டிகளில், இஞ்சின் அடுப்புக்குக் கரி தள்ளும் ஃபயர்மேனாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் எதிர்க்காற்று பலமாக அடித்தபோது, புகைபோக்கி வழியாகப் போக வேண்டிய தீ அடுப்புக் கதவு வழியாகத் திரும்பிவிட்டது. யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வலது கையும் கழுத்தும் வெந்தன. உயிர் பிழைத்தார். இனி இஞ்சின் ஏற முடியாது என்று டாக்டர் எழுதிவிட, ஓர் ஆபீஸில் ஃபைல் தூக்கும் வேலை கொடுத்தார்கள். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், அதற்குப் பிறகு கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். இஞ்சின் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒரே ஒரு முறை தங்கை வீட்டுக்கு வந்தார், பஸ்ஸில். இலையில் சோறு விழுந்த நேரம் புழக்கடையில் கூட்ஸ் வந்து நின்று நீராவியை விட்டது. எழுந்தார், கையைக் கழுவினார், செருப்பை மாட்டினார். "வரேன் கோயிந்து" என்றார். இலை அப்படியே கிடந்தது. ரயில் பலகையின் மேல் அன்று துணி மூடியிருந்ததால் அவர் அதைக் கவனிக்கவில்லை. இஞ்சினும் வீட்டில் இல்லை, வர்ணம் பூசுவதற்காகப் பவுண்டரியில் இருந்தது.

ரத்னாவுக்குக் காது குத்தும் பேச்சு வந்தபோது கோவிந்தம்மாவின் முகம் மாறியதற்கு இதுதான் காரணம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இருப்பதோ ஒரே அண்ணன்.

"அண்ணன் வந்து, அந்த இஞ்சினப் பாத்துட்டு எந்திரிச்சிப் பூட்டாருன்னு வையி, அப்பறம் எனக்குப் பொறந்த ஊடுன்னு ஒண்ணு இல்ல" என்றாள். சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். அதனால்தான் ராஜவேலுவுக்குப் பயம் வந்தது.

"எடுத்துப் பொட்டில வச்சிடறேன்."

"ரயிலு ஓடும்னு அந்தக் குப்புராஜ் அண்ணன் ஊரு பூரா தமுக்கடிச்சிக்கீறாரு. வர்றவங்க கேப்பாங்களே. வெறும் தண்டவாளத்தக் காட்டுவியா?"

ஆக, வேறு இஞ்சின் வேண்டும். பழைய கேள்வி மறுபடி முளைத்தது. மெயில் இஞ்சினும் கரி தின்பதுதான், பாசஞ்சரும் அப்படியே. அடுப்பே இல்லாத இஞ்சின் ஒன்றுதான் உண்டு.

"டீசலப் போடு" என்றான் குப்புராஜ். "அது இன்னா பெரிய வித்த? சோப்புப் பொட்டிக்கு ஜன்னல் வச்சா டீசலு."

அந்த லைனில் டீசல் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. நின்று பார்க்க ராஜவேலுவுக்கு வாய்த்தது ஒரே முறை, அதுவும் மழையில். நினைவில் நின்றதை வைத்துப் பெட்டி மாதிரி ஒன்றைச் செய்தான். பக்கவாட்டுக் கதவுகள் எத்தனை என்று நிச்சயமில்லாமல் ஒப்புக்குக் கோடு கிழித்தான். செய்யும்போதெல்லாம் பொய் சாட்சி சொல்லுகிறவன் மாதிரி இருந்தது. பழைய இஞ்சினிலிருந்து மோட்டாரைக் கழற்றி இதில் மாட்டினான். கரி இஞ்சினைக் கந்தலில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்து, மேலே கோவிந்தம்மாவின் கல்யாணப் புடவைகளை அடுக்கினான்.

காது குத்து நாள் வந்தது. பவுண்டரிக்காரர்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள், காது குத்த வந்த பத்தர் என்று முன்னறை நிரம்பிவிட்டது. ஆதிகேசவன் மனைவி பூவம்மாளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். தாய்மாமன் வரிசைத் தட்டோடு வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்ததும் கோவிந்தம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "வாண்ணா, வா அண்ணி" என்று தட்டை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

"வாங்க மச்சான்" என்றான் ராஜவேலு.

ஆதிகேசவன் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். உள்ளே வந்தவர் சுவரோரம் ஓடும் பாதையைப் பார்த்தார். சிக்னல், தண்ணீர்த் தொட்டி, பச்சைக் கொடி பிடித்த ஸ்டேஷன் மாஸ்டர். கடைசியில் டீசல். குப்புராஜ் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்த அது அந்த நேரம் பார்த்து வளைவில் திரும்பி, நேராக அவர் எதிரில் வந்து நின்றது.

அவர் முகம் இறுகியது.

"இது யாரு சொல்லி வச்சது மாப்ள?"

"நானாத்தான் மச்சான்..."

"இதுதான வந்து எங்காளுங்க வேலைக்கி ஒல வைக்கிது. கரி தள்றவன் வாணாம், தண்ணி பிடிக்கிறவன் வாணாம். இத்த இஸ்துகினு வந்து நடு ஊட்ல வச்சிக்கிற."

தீயை நினைத்துப் பயந்து செய்த ஏற்பாடு வேறு பக்கம் போய்ச் சுட்டுவிட்டது என்று ராஜவேலுவுக்குப் புரிந்தது. சமையல்கட்டு நிலையில் கோவிந்தம்மா கரண்டியோடு நின்றாள். நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு குப்புராஜ் வாயைத் திறந்தான்.

"அண்ணே, அது சும்மா சோப்பு டப்பாண்ணே. நல்ல இஞ்சினு உள்ள கீது. கரி இஞ்சினு! ஒரு வருசமா செஞ்சாரு. பொட்டில பூட்டி வச்சிக்கீறாரு."

கூட்டாளியின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது ராஜவேலுவுக்கு. பத்தர் ஊசியைத் துடைப்பதை நிறுத்தினார். பூவம்மாள் புருஷனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கரி இஞ்சினு?" என்றார் ஆதிகேசவன்.

அவருக்கே தெரிந்துவிட்டது. இந்த வீட்டுப் புழக்கடையில் எது வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியாததா?

"எடுத்துகினு வா."

"வாணாம் மச்சான். மொதல்ல கொயந்தைக்கி..."

"எடுத்துகினு வான்றேன்."

கல்யாணப் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கந்தலைப் பிரித்து, இஞ்சினை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். அவர் வாங்கிக்கொண்டார். வாங்கும்போது சட்டைக் கை மேலேறி, வெந்து சுருங்கின தோல் தெரிந்தது. எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். ராஜவேலு மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான். வேறு பக்கம் திரும்ப அவனால் முடியவில்லை.

அவர் இஞ்சினைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினார். ஒரு பக்கம் பார்த்தார். விரலால் கம்பியைத் தொட்டுக்கொண்டே போனார். தலை மெல்ல ஆடியது. திருப்பி மறுபக்கம் பார்த்தார். புருவம் சுருங்கியது. மறுபடி முதல் பக்கம். மறுபடி அந்தப் பக்கம். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், இன்னும் ஒரு முறை திருப்பினார்.

"ஏன் மாப்ள," என்றார், "இதுல எத்தினி டிரைவரு?"

ராஜவேலுவுக்கு விளங்கவில்லை. "ஒருத்தருதான் மச்சான்."

"இல்லியே. இந்தாண்ட ஒரு டிரைவரு கீறான். முன்னால பின்னால ஓட்ற லீவர்லருந்து தோ, இந்தக் கம்பி நீளமா போவுது பாரு. இது டிரைவர் பக்கம் மட்டுந்தான் இருக்கும். நீ அந்தாண்டயும் அதே கம்பிய வுட்டுக்கிற. அங்கயும் ஒரு டிரைவரு. ஃபயர்மேன் பக்கம்னு ஒண்ணு இல்லவே இல்ல."

ராஜவேலு வாங்கிப் பார்த்தான். காது மடல் சூடானது. தெற்கே பார்த்து நிற்கும் இஞ்சினைக் கிழக்கே இருந்து பார்த்தால் தெரிவது இடது பக்கம், டிரைவர் பக்கம். இத்தனை நாளும் ஜன்னலில் முழங்கை ஊன்றிப் பேசியவர்கள் எல்லோரும் டிரைவர்கள்தான். மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. பவுண்டரிப் பழக்கத்தில், ஒரு பாதியைச் செய்து அதையே திருப்பிப் போட்டிருக்கிறான்.

"பேட்டர்னு மாதிரி பண்ணிட்டேன் மச்சான்" என்றான் மெதுவாக.

ஆதிகேசவனின் தோள் குலுங்கியது. இருமுகிறார் என்று நினைத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பழைய சிரிப்பு, வயிற்றிலிருந்து வருவது.

"பூவா, இங்க வந்து பாருடி! உம் புருசன் நிக்க எடமே இல்லாத ஒரு இஞ்சின செஞ்சிக்கீறாரு நம்ம மாப்ள. இதுல வேலைக்கிப் போயிருந்தன்னா ஒரு ரோமம் கருகியிருக்குமா எனக்கு? ரெண்டு டிரைவரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கினு ஒக்காந்திருப்பான். கரி போட ஆளு இல்ல. ஷெட்ட உட்டே கெளம்பாது!"

"அதான் மோட்டாரு வச்சாரு" என்றான் குப்புராஜ்.

முதலில் பூவம்மாள்தான் சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அப்புறம் பத்தர், அப்புறம் அறை முழுக்க. ராஜவேலு சிரிக்கவில்லை. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். செய்த வேலையில் இவ்வளவு பெரிய பிழை கண்டுபிடிக்கப்பட்டு, அதற்காக இவ்வளவு நிம்மதி அடைந்தது அவன் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

ஆதிகேசவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரத்னாவை மடியில் வாங்கிக்கொண்டார். "அயாத நைனா, தோ ஆச்சி" என்று அவள் தலையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்தார், வெந்த கையால். பத்தர் குத்தினார். ரத்னா போட்ட சத்தத்தில் புழக்கடையில் வண்டி எதுவும் வந்ததா போனதா என்று யாருக்கும் தெரியாது.

குழந்தை ஓய்ந்து, வாயில் வெல்லத்தோடு தூங்கிப் போனதும், அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"குறடு கொண்டா மாப்ள. மொதல்ல இந்தக் கம்பியப் புடுங்குவம். அப்பறம் கேளு. டிரைவரு இடது பக்கம் குந்தினு இருப்பான். நான் நடுவுல, அடுப்புக்கு நேரா. கரிய அள்றதுக்குப் பின்னால திரும்பணும், போடறதுக்கு முன்னால திரும்பணும். போட்டுட்டு வலது பக்கம் வந்து, ஜன்னல்ல தலய நீட்டிப் புகையப் பாக்கணும். கறுப்பா வந்தா ஒண்ணு, வெள்ளையா வந்தா ஒண்ணு. அன்னிக்கி அப்பிடித்தான் பாத்துட்டுத் திரும்பறேன்..."

அவர் சொல்லிக்கொண்டே போனார். காற்று எந்தப் பக்கம் அடித்தது, கதவு எவ்வளவு திறந்திருந்தது, டிரைவர் எப்படித் தன்னை இழுத்துப் போட்டார் என்பது வரைக்கும். ஆஸ்பத்திரியில் கேட்டவர்களுக்கும், ஆபீஸில் கேட்டவர்களுக்கும், பூவம்மாளுக்கும்கூடச் சொல்லாதது. பூவம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள். ராஜவேலு குறடால் கம்பியைக் கழற்றி, அந்த இடத்தில் இருந்த ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்தான்.

"ண்ணா, எல போட்டாச்சி. துன்னுட்டு அப்பறம் ரிப்பேரு பண்ணுங்க" என்றாள் கோவிந்தம்மா.

"இரு கோயிந்து. நான் நிக்க எடம் பண்ணிக்கினு வரேன்."

அவள் உள்ளே போனாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாதவள், யாருக்கும் காத்திராமல், சோற்றுப் பானைக்குப் பக்கத்திலேயே ஒரு தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.